வருவதற்கு மட்டும் அனுமதி

ஒரு கணவன் தன் மனைவியைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதை இந்த நாட்டின் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்கத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எனக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பெயர் தம்புசாமி. செந்தூலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது எதிரில் கடல் இருக்க வேண்டும், அடுப்பு இருக்கக்கூடாது. மோரிப் கடலாக இருந்தாலும் போதும். தண்ணீர் மண் நிறமாக இருக்கும் என்பார்கள். இருக்கட்டும், சேறாக இருந்தாலும் அது எனக்குச் சுடச்சுடக் கொப்பி கலக்கச் சொல்லாது.

"ஹோட்டல்ல ஒரு ரூம் எடுங்க" என்றேன்.

"ஹோட்டலா? யார் இப்ப ஹோட்டலுக்குப் போறா? எல்லாரும் கேம்பிங் போறாங்க லா."

அது உண்மைதான். ஏர்கோன் போட்ட வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லாம் இப்போது காசு கொடுத்து ஆற்றோரத்தில் மண்ணில் படுக்கிறார்கள். விடிந்ததும் கொசு கடித்த முகத்தோடு படம் எடுத்து, மனம் லேசாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு மனம் இவ்வளவு கனமாக இருந்தது இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

கூடாரத்தில் படுத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு. அன்றிலிருந்து அவர் ஃபோனில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரரின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற குட்டி வண்டி. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளியைச் சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம்.

ஃபிளாட்டின் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வேலை தொடங்கியது. யாரோ போட் ஏற்றி வைத்திருந்த பழைய டிரெய்லரை வாங்கி வந்தார். பிளைவுட்டை வளைக்க வேண்டும் என்று நாள் முழுக்க என் கெட்டிலில் சுடுதண்ணீர் காய்ச்சி ஊற்றினார். அது வளைவதற்குள் எனக்கு முதுகு வளைந்துவிட்டது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் கூரை மேல் பைப்பைப் பிடித்தபோது மெத்தை முழுக்க நனைந்தது. சிலிக்கன் பூசினார், மறுபடியும் நனைந்தது, மறுபடியும் பூசினார்.

பக்கத்து வீட்டார் தினமும் வந்து விசாரித்தார்கள்.

"என்ன அண்ணே, பர்கர் கடையா?"

"ஐஸ் கச்சாங் வண்டிதானே?"

அவர் சிலிக்கன் பூசிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு வண்டியின் பின்பக்கக் கதவை மேலே தூக்கிக் காட்டினார். உள்ளே அடுப்பு, குட்டி சிங்க், மசாலா டப்பாக்களுக்கு அலமாரி. அலமாரியின் கதவு எனக்குத் தெரிந்த கதவாக இருந்தது. என் சமையலறை கெபினெட்டிலிருந்து கழற்றியது.

"பார்த்தியா குமுதா? இனிமே நீ எங்க போனாலும் உன் கிச்சன் கூடவே வரும்."

எப்படியும் கடல் இருக்கும், அடுப்பைப் பற்றி அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இப்படி ஒன்றை ரோட்டில் இழுத்துப் போக அனுமதி வேண்டுமாம். அதைக் கொடுப்பதற்கென்றே அசையும் மற்றும் அசையாப் பொருள் ஒழுங்குமுறை வாரியம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர் நீளமாக இருப்பதால் கட்டடமும் நீளமாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு கவுண்டர்கள். ஒன்று அசைவதற்கு, இன்னொன்று அசையாததற்கு.

முதல் கவுண்டரில் லோகேஸ்வரி என்று ஒரு பெண்.

"என்ன பொருள் அங்கிள்?"

"கேம்பர்மா. நானே செஞ்சது."

"எஞ்சின் இருக்கா?"

"இல்ல. ரெண்டு சக்கரம் இருக்கு."

"உள்ள?"

அவர் நிமிர்ந்து நின்றார். "மெத்தை, ஃபேன், ரெண்டு ஜன்னல். பின்னால கிச்சன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "மெத்தை, ஜன்னல், கிச்சன் எல்லாம் இருந்தா அது வீடு அங்கிள். வீடு அசையாது. ரெண்டாவது கவுண்டருக்குப் போங்க."

இரண்டாவது கவுண்டரில் அசாருதீன் என்பவர் இருந்தார். மரியாதையான பிள்ளை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"வீடு எந்த நிலத்துல இருக்கு ஆன்டி?"

"நிலத்துல இல்ல தம்பி. கார்ல கட்டி இழுத்துக்கிட்டுப் போறது."

"வீட்டை இழுத்துக்கிட்டுப் போயிட்டா வீட்டு வரியை நாங்க எங்க தேடி வாங்குறது? சக்கரம் இருந்தா அசையும் பொருள். முதல் கவுண்டர்."

நாங்கள் இரண்டு கவுண்டர்களுக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருந்தோம். கடைசியில் இருவரும் எழுந்து வந்து எங்கள் முன்னாலேயே கலந்து பேசினார்கள். இது பெரிய ஆபிசர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆகவே பொருளை இங்கே கொண்டு வர வேண்டும்.

"ரோட்டுல இழுக்க அனுமதி இல்லையேம்மா" என்றார் இவர்.

"அதுக்குத்தான் அங்கிள் இது." லோகேஸ்வரி ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தாள். வருவதற்கு மட்டும் அனுமதி என்று இருந்தது.

"திரும்பிப் போறதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஆன்டி, வெளியே போறதுக்குத்தானே நீங்க விண்ணப்பமே செஞ்சிருக்கீங்க? அதை இப்பவே கொடுத்துட்டா அப்புறம் விண்ணப்பம் எதுக்கு?"

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு தவறும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கேம்பரை இழுத்துக்கொண்டு போய் அவர்களுடைய கார் பார்க்கில் நிறுத்தினோம்.

"பெரிய ஆபிசர் இல்லையே" என்றார் அசாருதீன். "குர்சுஸ் போயிருக்கார்."

"என்ன குர்சுஸ்?"

"பொதுமக்களைக் காக்க வைக்காம சேவை செய்யறது எப்படின்னு பயிற்சி. போர்ட்டிக்சன்ல, பீச் ஓரமா."

"எப்ப வருவார் தம்பி?"

"கொஞ்சம் நீளமான குர்சுஸ் ஆன்டி. ஆனா ஆய்வு நடக்கும்போது உரிமையாளர் பொருளோட இருக்கணும். எப்ப வேணும்னாலும் நடக்கலாம். நீங்க இங்கேயே இருக்கிறது நல்லது."

அப்படியாக ஆபிசர் கடலோரத்திலும் நாங்கள் ஆபிசிலும் தங்கினோம்.

முதல் நாள் காலையில் கண் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வரிசை, ஒரு ஜெனரேட்டர், அதன் ஓரத்தில் ஒரு வாழைமரம். பின்பக்கக் கதவைத் தூக்கிக்கொண்டு அவர் குரல் கொடுத்தார். "குமுதா, கொப்பி!" நான் கேட்டதை வரிக்கு வரி தலைகீழாக நிறைவேற்றியிருந்தார்.

நம்பர் சீட்டு வாங்க விடியும் முன்பே வந்து நிற்கிறவர்களுக்குக் கொப்பி வாசனை எட்டியது. "ஆன்டி, நமக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டார். பசியோடு நிற்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. மறுநாள் நாசி லெமாக் செய்தேன். அதற்கு அடுத்த நாள் தோசை.

காஜாங்கிலிருந்து ஃபர்ஹானா என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய அம்மா இறைச்சி சுட்டு விற்கிற சாத்தே வண்டி அசையுமா அசையாதா என்று அவளும் அலைந்துகொண்டிருந்தாள். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஆன்டி, கேமராவைப் பார்க்காதீங்க. தூரமா எங்கேயாவது பாருங்க. இயற்கையோட கலந்துட்ட மாதிரி."

"இங்க எதும்மா இயற்கை?"

"அந்த வாழைமரத்தை நான் படத்துக்குள்ள கொண்டு வந்துடுறேன். ஜெனரேட்டரை வெட்டிடலாம்."

வெட்டிவிட்டாள். அவள் ஃபோனிலிருந்து போட்ட அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்களோ, வார இறுதியில் கார் பார்க்கில் கூடாரங்கள் முளைத்தன. கிள்ளானிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மடக்கு நாற்காலி, ரைஸ் குக்கர், கராவோக்கே பெட்டி எல்லாம் வந்தன. எங்கள் ஃபிளாட்டில் ஐஸ் கச்சாங் வண்டியா என்று கேட்டவரும் வந்து, எங்கள் சக்கரத்தின் பக்கத்தில் பாய் விரித்தார்.

ஆபிசில் வேலை இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்தார். உடனே ஆளுக்கொரு விண்ணப்பம் போட்டார்கள். ஒருவர் தன் வீட்டு நாய்க்கூண்டைப் பற்றிப் போட்டார். இன்னொருவர் மாமியாரின் தையல் மெஷினைப் பற்றிப் போட்டார். விண்ணப்பங்கள் கூடியதால் தாமதம் கூடியது. தாமதம் கூடியதால் தங்குகிறவர்கள் கூடினார்கள்.

பெரிய ஆபிசர் திரும்பி வந்தபோது நன்றாகக் கறுத்திருந்தார். வாசலில் நின்று கூடாரங்களைப் பார்த்தார், பிறகு விண்ணப்பக் குவியலைப் பார்த்தார். இத்தனை பேர் தேடி வரும் அலுவலகம் நாட்டில் வேறு இல்லை என்று புரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்துக்கு மக்கள் நட்பு இயற்கைக் காத்திருப்பு வளாகம் என்று பெயர் வைத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மாலைகள் வந்தன. ரிப்பன் வெட்டினார்கள். காத்திருப்போர் சங்கம் ஒன்று அமைந்தது. அதற்கு ஒரு தலைவர், மற்ற எல்லாரும் துணைத் தலைவர்கள். தலைவர் என் வீட்டுக்காரர். போர்த்திய பொன்னாடையை அவர் அதற்கப்புறம் கழற்றவே இல்லை. எனக்குக் குமுதா கேம்ப் கிச்சன் என்று விளக்குப் போட்ட போர்டு ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆபிசரிடம் எங்கள் கேம்பரைப் பற்றிக் கேட்டேன்.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார். "நீங்க எல்லாருக்கும் முன்மாதிரி."

அப்புறம்தான் தனேஷ் வந்தான்.

வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளை. யாரும் அவனுக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லைபோல. கவுண்டரில் உட்கார்ந்தான், விண்ணப்பத்தைப் படித்தான், கையெழுத்துப் போட்டான். அடுத்ததை எடுத்தான், படித்தான், போட்டான். கொப்பி ஆறுவதற்குள் வரிசை கரைய ஆரம்பித்தது.

வெளியே ஒரே சலசலப்பு.

"நான் ஆபிஸ்ல லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். பசங்க இன்னும் கூடாரம்கூட விரிக்கல. அதுக்குள்ள கூப்பிட்டா எப்படி?" என்றாள் ஓர் அம்மா.

நாய்க்கூண்டுக்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் கடை முன்னால் உட்கார்ந்தார். "கூண்டு அசையும்னு சொல்லிட்டான் அக்கா" என்றார். "நிமிர்ந்துகூடப் பார்க்கல. அவ்வளவுதானா? இனிமே நான் எதுக்கு வரது?"

அவருக்கு ஒரு தோசை கொடுத்தேன். பாவம், பாதியில் வைத்துவிட்டார்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, இது டிரெய்லர்" என்றான் தனேஷ். "இதுல என்ன சந்தேகம்? இந்தாங்க, போறதுக்கு அனுமதி. இப்பவே கிளம்பினா மத்தியானத்துக்குள்ள மோரிப் போயிடலாம்."

தாளை வாங்கிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் மோரிப். இரவு அங்கேயே. விடிந்தால் கடல். கல்யாணமான நாளிலிருந்து கேட்டது என் கையில் இருந்தது, முத்திரை ஈரம்கூடக் காயாமல்.

வெளியே வந்து அவரிடம் காட்டினேன். அவர் பொன்னாடையைச் சரி செய்துகொண்டார்.

"தலைவர் போயிட்டா சங்கம் என்ன ஆகும்?"

"சங்கம் கிடக்கட்டும். நமக்குக் கடல் வேணாமா?"

"நீ சொல்லு. நீ கிளம்புன்னா இப்பவே வண்டியைக் கட்டுறேன்."

நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் போர்டைப் பார்த்தேன். பட்டப்பகலில்கூட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து என் நாத்தனார் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். போர்டின் கீழே நின்று படம் எடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் அவள் என்னோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டது இதுதான் முதல் தடவை. தேங்காய் வேறு துருவி வைத்துவிட்டேன். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கவுண்டருக்குத் திரும்பிப் போனேன்.

"தம்பி, இதை அடுத்த மாசம் வந்து வாங்கிக்கலாமா?"

"அதுக்குள்ள காலாவதி ஆயிடும்மா."

"ஆகட்டும்பா. நாங்க மறுபடியும் விண்ணப்பம் போட்டுக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தாளைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. பொதுமக்களின் மனநிலையைச் சற்றும் பொருட்படுத்தாமல், முன்னறிவிப்பின்றி அதிவேகமாகச் சேவை புரிந்து, குடும்பங்களின் விடுமுறையைச் சீர்குலைத்த ஊழியர்மீது நடவடிக்கை எடுக்குமாறு ஆபிசருக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுதியது துணைத் தலைவர்கள். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

மக்கள் குரலுக்கு அந்த அலுவலகம் அவ்வளவு சீக்கிரம் செவி சாய்க்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே தனேஷைப் பொதுமக்கள் யாரும் வராத ஒரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அசாருதீன் வெளியே வந்து, மறு அறிவிப்பு வரும்வரை கவுண்டர்கள் மூடப்பட்டிருக்கும் என்று கதவில் ஒரு போர்டு மாட்டினார்.

எல்லாரும் நெருங்கி வந்து படித்தார்கள். பிறகு கார் பார்க் முழுக்கக் கைதட்டல். குழந்தைகள் குதித்தார்கள். நாய்க்கூண்டுக்காரர் எழுந்து நின்று விசில் அடித்தார். நானும் தட்டினேன். கையெல்லாம் தோசை மாவாக இருந்ததால் சத்தம்தான் சரியாக வரவில்லை.