மாவடு ஜாடியில் அகப்பட்ட எபிரேயச் சொல்

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
12-5-34

சிரஞ்சீவி கோபுவுக்கு அத்திம்பேர் சௌரிராஜன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் பூனையும் க்ஷேமம். அவ்விடம் மண்ணச்சநல்லூரில் நீயும் உன் அரிசி மில்லும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உன் அக்காவும் க்ஷேமமென்று நம்புகிறேன். வைதேஹி உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு எப்படியாவது அவளை அனுப்பிவைக்கப் பார்.

நான் திருச்சியில் பாதிரி துரைக்குத் தமிழ் முன்ஷியாக இருப்பது உனக்குத் தெரியும். அவர் எபிரேய வேதத்தைப் புதிதாகத் தமிழில் எழுதுகிறார். ஒரு மாதமாக ஒரே சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ‘ஹாமாஸ்’ என்பது அந்தச் சொல். பலாத்காரம் என்றேன், போதாது என்றார். கத்தியும் ரத்தமும் மட்டுமில்லையாம். எளியவனுக்கு வலியவன் செய்கிற அக்கிரமம், பட்டவன் போடுகிற கூக்குரல், பொய்ச்சாட்சி எல்லாம் அதற்குள் அடக்கமாம். பூமியில் அது நிரம்பிப்போய்த்தான் பிரளயமே வந்ததாம். அப்பேர்ப்பட்ட சொல்லை, சாராள் என்ற அம்மாள் வீட்டுச் சண்டையில் புருஷன் ஆபிரகாமைப் பார்த்தும் சொல்கிறாளாம். பிரளயத்துக்கும் வீட்டுக்கும் பொருந்துகிற தமிழ் கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதே யோசனையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வைதேஹி கோயிலுக்குப் போயிருந்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கை தானாக மாவடு ஜாடிக்குள் போய்விட்டது. சாப்பிடுகிற கை, கோபு. மறுநாள் ஜாடியைத் திறந்தவள், மேலே மிதந்த சாதப் பருக்கையைப் பார்த்தாள். நான் பூனையைக் கைகாட்டினேன். ஜாடியைத் திறந்து, தின்றுவிட்டு, மறுபடி மூடிவைக்கிற பூனை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டாள். ஒரு வருஷத்து மாவடு குப்பைக்குப் போயிற்று. அதில் பாதி உனக்கென்று வைத்திருந்தாளாம். அதை இங்கே எழுதாமலே விட்டிருக்கலாம்.

அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள்: "நேக்குப் பண்ணின அநியாயம் உங்க தலையிலேதான். உங்களுக்கும் நேக்கும் நடுவிலே அந்த ரங்கநாதனே கேக்கட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாராள் புருஷனிடம் சொன்னதும் இதேதான், சாமியைச் சாட்சிக்கு இழுத்தது உள்பட! ஒரு மாதமாக அகப்படாத சொல் என் சமையலறையில் நின்று அழுகிறது. பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லு, தலையிலேயா, மேலேயா?" என்று கேட்டேன்.

"நான் அழறது உங்களுக்கு அகராதியா?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பாதிரி துரை ‘அநியாயம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் சம்சாரம் பெரிய பண்டிதை என்றார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன், அவளிடம் சொல்ல. பூட்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பேரில் ஒரு குற்றமுமில்லை. இனி அவள் பேசுவதைக் காதால் கேட்பேனே தவிர, ஒரு எழுத்துக்கூடக் காகிதத்தில் ஏற்ற மாட்டேன். பெருமாள் ஆணையாகச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்.

பூமாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. நம்பெருமாள் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
சௌரிராஜன்

பின்குறிப்பு: பாதிரி துரை அடுத்த வாரம் ‘மன்னிப்பு’க்கு வருகிறார். எபிரேயத்தில் அதுவும் லேசுப்பட்டதில்லையாம். அக்கா மனமிரங்கினால், எந்த வார்த்தை சொல்லி இரங்கினாள் என்பதை, அவளுக்குத் தெரியாமல், அப்படியே எழுதி ஒரு கார்டு போடு.