இரண்டாம் ஞாயிறு ஹங்கேரி

மாமனார் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. வேம்புலியிடம் ஒரு ஹங்கேரி கூட இல்லை.

குதிரைப் படம் போட்ட ஹங்கேரி தபால்தலை தன்னிடம் இருப்பதாகப் போன மாதம் அவனேதான் சொன்னான். யாரும் கேட்கவில்லை. மாமனார் பரந்தாமன் தன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, ஹங்கேரி மட்டும் நம் கையில் சிக்க மாட்டேன் என்கிறதே என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விடுகிறவரைப் பார்த்தால் வேம்புலிக்கு எதையாவது கொடுக்கத் தோன்றும். கையில் ஒன்றும் இல்லாததால் ஒரு பொய்யைக் கொடுத்தான்.

"அப்ப அடுத்த தபா வரும்போது கண்ணால பாத்துடறேன் மாப்ள" என்றார் மாமனார். அந்த அடுத்த தபாதான் இன்று.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் சித்தப்பா துலுக்கானம். போன வருஷம், எழுபத்தொன்றில், வேம்புலிக்குப் பெண் பார்க்க நெமிலிச்சேரிக்குப் போயிருந்தார்கள். முதல் பஜ்ஜியைக் கடித்த சித்தப்பா உப்பு கம்மி என்றார். பெண் வீட்டார் ஆமாம் என்றார்கள். இரண்டாவது பஜ்ஜியில் உப்பு தூக்கல் என்றார். அதற்கும் ஆமாம் என்றார்கள். பிறகு பெண்ணின் அப்பா பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பையனுக்குப் பழக்கவழக்கம் எதுவும் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பழக்கமும் இல்லாத பையனை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது சித்தப்பாவின் அனுபவம். சின்னதாக ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம் இல்லை என்பது எடுபடும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் கம்பியில் குத்தி மாட்டியிருந்த பழைய கடிதங்கள் கண்ணில் பட்டன.

"பையன் ஸ்டாம்பு சேப்பான். அத்தோட சரி" என்றார்.

பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நானும் அதே கேசுதாங்க" என்றார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சைக்கிள் பாகத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் வேம்புலி, அதுவரை தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தியவன். கல்யாணம் ஆன மறுவாரமே ஆல்பம் வாங்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு மாமனார் வெயிலில் சைக்கிள் மிதித்துப் பருத்திப்பட்டுக்கு வந்துவிடுவார். இருவரும் பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரு பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தெரியாத நாட்டு ராஜாக்களை ஒரு மணி நேரம் முறைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் கறிக்குழம்பு.

வேம்புலிக்கு அப்பா முகம் நினைவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "சாப்டியா மாப்ள, எளைச்சிட்டியே" என்று கேட்பது அவனுக்குப் புதுசு. தபால்தலை மட்டும் இல்லையென்றால் பெண்ணைக் கொடுத்தவர் எந்தச் சாக்கை வைத்து மாதாமாதம் மருமகன் வீட்டுக்கு வருவார்? அந்த ஒரு மணி நேரத்துக்காக அவன் பர்மாவானாலும் பொலிவியாவானாலும் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்தான்.

அதனால் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டில் உத்தமன் கடைக்கு ஓடினான்.

ஆவடியில் தபால்தலைக் காய்ச்சல் அடித்து ஓய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்டால் உத்தமன் கடையில் வரிசை நிற்கும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய் டிரான்சிஸ்டர் வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய தம்பிகள் சினிமா நட்சத்திரப் படம் சேர்க்கிறார்கள். ஐந்து கண்ணாடி ஜாடி நிறையத் தபால்தலை வைத்திருந்த உத்தமன், இப்போது நான்கில் தேன் மிட்டாய், ஊக்கு, கோலி, இருமல் மாத்திரை என்று போட்டுவிட்டு, ஒன்றில் மட்டும் உலக நாடுகளை வைத்திருந்தான்.

ஹங்கேரி தனியாக இல்லை, கலந்த பொட்டலம்தான் கீது என்று அவன் நீட்டினான். வேம்புலி அங்கேயே பிரித்துப் பார்த்தான். கானா இருந்தது. போலந்து இருந்தது. குதிரைப் படம் போட்டு, மாக்யார் என்று ஏதோ ஒரு நாட்டின் தபால்தலை நான்கு இருந்தது. ஹங்கேரி மட்டும் இல்லை. ஹங்கேரிக்காரர்கள் தங்கள் நாட்டை மாக்யார் என்றுதான் எழுதுவார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நான்கு குதிரைகளையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு சோர்ந்துபோய் வீடு திரும்பினான்.

வீட்டில் மாடத்தில் ஒரு நீலக் கடிதம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து போட்டது. கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேம்புலி வந்ததும் படித்துச் சொல்லட்டும் என்று அவன் மனைவி சாமுண்டீஸ்வரியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதன் மூலையில் ஒரு பூப்படம் போட்ட தபால்தலை.

சிங்கப்பூர் என்ற எழுத்தை வெட்டிவிட்டால் பூ எந்த நாட்டுப் பூவாகவும் இருக்கலாமே என்று வேம்புலிக்குத் தோன்றியது. குதிரை எங்கே என்று மாமனார் கேட்டால், குதிரை வேறு ஒருவரிடம் போய்விட்டது, பூ வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கத்தரிக்கோலை எடுத்தான். ஓரம் நேராக வெட்டி, மைதாப் பசையை அப்பி, ஆல்பத்தில் அழுத்தி ஒட்டினான். கீழே 'ஹங்கேரி' என்று எழுதினான்.

இந்த மாதிரி நீல விமானக் கடிதத்தில் தபால்தலை காகிதத்திலேயே அச்சாகியிருக்கும், அதன் முதுகில் கடிதம் எழுதியிருக்கும் என்பது கன்னியம்மா வந்து நின்ற பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. விரித்தால் கடிதத்தின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது.

"படி நைனா. இன்னா எழுதிக்கீறான்?"

வேம்புலி ஜன்னலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படித்தான். "அன்புள்ள அக்காவுக்கு. நான் நலம். உன் மகளுக்கு..." இங்கே ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் "பார்த்து வைத்திருக்கிறேன்" என்று இருந்தது. மகளுக்கு என்ன பார்ப்பார்கள்? யோசிக்க அவகாசம் இல்லை.

"மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன்" என்று படித்தான்.

கன்னியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சிங்கப்பூர் மாப்பிள்ளை இருக்கும்போது முத்தாபுதுப்பேட்டை எதற்கு, வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிடுகிறேன் என்று எழுந்தாள்.

வேம்புலி வழியை மறித்தான். "இரு அக்கா, இரு. கண்ணு சரியாத் தெரியல" என்று மறுபடி படித்தான். இந்த முறை மாப்பிள்ளை ரேடியோவாக மாறினார்.

"மொத தபா மாப்ள, ரெண்டாவது தபா ரேடியோவா? கடுதாசி நேரத்துக்கு ஒண்ணு சொல்லுமா?"

"கையெழுத்து அப்படிக்கா."

கன்னியம்மா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். எழுத்து தெரியாதவளுக்கும் ஓட்டை தெரியும். ஆனால் சிங்கப்பூரில் காகிதமே அப்படித்தான் என்று வேம்புலி சொன்னதில் பாதியை நம்பி, மீதியை நம்பாமல், வேறு யாரையாவது படிக்கச் சொல்கிறேன் என்று போனாள்.

பதினோரு மணிக்கு மாமனாரின் சைக்கிள் மணி கேட்டது. ஆல்பத்தைத் துண்டில் சுற்றிக் கேரியரில் கட்டியிருந்தார். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். வேம்புலி ஹங்கேரிப் பக்கத்தைத் திருப்பினான்.

மாமனார் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஹங்கேரின்னா ஹங்கேரிதான்" என்றார். "ஓரம்லாம் இன்னா நேரா கீது பாரு. நம்மகிட்ட கீறதெல்லாம் பல்லு பல்லா இருக்குது."

வேம்புலிக்குப் போன உயிர் வந்தது. பாவம், மனிதருக்குக் கண் மங்குகிறது, அடுத்த மாதம் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு முடிவதற்குள் கன்னியம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"பெரியவரே, நீங்களாவது ஒழுங்கா படிங்க. உங்க மாப்ள வாயில வந்ததப் படிக்கிறாரு. அத நம்பி முத்தாபுதுப்பேட்டைக்கு இப்பத்தான் ஆளு அனுப்பிக்கீறேன்."

மாமனார் கடிதத்தை வாங்கி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவருக்கு வேம்புலியின் முகம் தெரிந்தது. கடிதத்தைத் தாழ்த்தினார். மடியில் இருந்த ஹங்கேரியைப் பார்த்தார். கடிதத்தை மெதுவாக ஆல்பத்தின் மேல் வைத்தார். ஓட்டைக்குள் பூ கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

சாமுண்டீஸ்வரி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தில் தண்ணீரைத் தெளித்துப் பூவை உரித்தாள். முதுகில் 'கைக்கடிகாரம்' என்று இருந்தது. கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு, முத்தாபுதுப்பேட்டைக்கு அனுப்பிய ஆளைத் தடுக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

மாமனார் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேம்புலி தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமா, எனக்கு ஸ்டாம்பு சேக்கற பழக்கமே கெடையாது. சித்தப்பா சும்மா சொல்லிட்டாரு. நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீங்க வராம பூட்டீங்கன்னா இன்னா பண்றதுன்னு..."



பரந்தாமன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு தன் ஆல்பத்தை எடுத்துத் துண்டில் சுற்றினார். "ஒரு வேல கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"இன்னா சொன்ன எங்க நைனாகிட்ட? கறிக்கொழம்பு வெச்ச அன்னிக்கு அவரு எழுந்து போனதே இல்ல" என்றாள் சாமுண்டீஸ்வரி.

ஆவடி வட்டாரத்திலேயே மிச்சமிருந்த ஒரே உண்மையான தபால்தலைப் பிரியரின் மனசை உடைத்துவிட்டோம் என்று வேம்புலிக்குத் தோன்றியது. சைக்கிளை எடுத்தான். நெமிலிச்சேரி வரை போயாவது காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போவது? வழியில் உத்தமன் கடையில் நிறுத்தினான்.

"உத்தமா, எங்கேயாவது தேடி ஒரு நெசமான ஹங்கேரி குடுப்பா. மாமனாரு கோச்சிகினு பூட்டாரு."

உத்தமன் உலக நாடுகள் இருந்த ஜாடியைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மூட்டை பொரிவிளங்காய் உருண்டை காத்திருந்தது. அதற்கும் பக்கத்தில், பலகை மேல், துண்டில் சுற்றிய ஒரு ஆல்பம் இருந்தது. வேம்புலிக்குத் துண்டு தெரிந்தது.

"வித்துட்டாரா? அவ்ளோ கோவமா?"

"கோவமா? எதிர்ல சலூன்ல சேவிங் பண்ணிகினு பாட்டு பாடிகினு கீறாரு. மாப்ள வந்தா ஊட்டுக்குப் போவச் சொல்லு, கொழம்பு ஆறதுக்குள்ள வந்துடறேன், இனிமே வாராவாரம் வருவேன்னு சொல்லச் சொன்னாரு."

வேம்புலி சலூனைப் பார்த்தான். ஆல்பத்தைப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் உத்தமனைப் பார்த்தான்.

உத்தமன் முதல் உருண்டையை ஜாடிக்குள் போட்டான்.

"இந்த ஊர்லயே ஸ்டாம்பு வாங்கறது நீங்க ரெண்டே பேருதான் அண்ணாத்தே, ரெண்டு பேருக்கும் ஸ்டாம்புன்னாலே ஆவாதுன்னு எனக்கு மொத மாசமே தெரியும், நான்தான் யாவாரம் பூடுமேன்னு கம்முனு இருந்தேன்."