அபின் சீசாவும் சொட்டுக் கம்பவுண்டரும்

கம்பம் பள்ளத்தாக்கில் வயிற்றுப்போக்கை விடப் பெரிய உபத்திரவம் ஒன்று இருந்ததென்றால், அது எங்கள் ஆஸ்பத்திரியின் சொட்டுக் கம்பவுண்டர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் சீட்டு எழுதும் குமாஸ்தாவாக எட்டு வருஷம் குப்பை கொட்டினேன். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

கழிச்சலுக்கு அப்போது அபின் கலந்த மருந்துதான். அதை அவர் சத்தமாக எண்ணி, சொட்டுச் சொட்டாக அவுன்ஸ் கிளாசில் விடுவார். நடுவில் யாராவது இருமினால் போச்சு. சீசாவுக்குள் திருப்பி ஊற்றிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் நோயாளி இரண்டு தடவை வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டு வந்திருப்பான்.

மருந்தை வீட்டுக்குக் கொடுத்துவிடவும் மாட்டார். அவர் எதிரிலேயே குடித்தாக வேண்டும். எல்லாம் கோம்பைக்காரர் ஒருவரால் வந்த வினை. தன் வீட்டுச் சீசாவில் நாலு வேளைக்கு அளவுக் காகிதம் ஒட்டி வாங்கிப் போனவர், ஆஸ்பத்திரி வாசலிலேயே மொத்தத்தையும் குடித்துவிட்டார். "நாலும் நான் குடிக்கப்போறதுதான, எதுக்கு நாலு தடவ மெனக்கெடணும்?" என்றார். அபின் மயக்கத்தில் அவர் தூங்கிவிடாதபடி, பொழுது சாய்கிற வரை கம்பவுண்டரும் நானும் கைத்தாங்கலாக வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினோம். அவர் பிழைத்தார். என் கால் வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் என் மகளுக்கே கழிச்சல் வந்தது. பத்து மாதப் பிள்ளை. கண் குழி விழுந்து, விடிந்ததிலிருந்து ஒன்றுக்கும் போகாமல் துவண்டு கிடந்தாள். டாக்டர் பெரியகுளம் போயிருந்தார். இரண்டே சொட்டுக் கொடுங்கள் என்று கம்பவுண்டரைக் கெஞ்சினேன். முடியாது என்றார். என் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

"பச்சப்பிள்ளைக்கு அபினக் குடுத்தா கழிச்சலும் நிக்கும், மூச்சும் நிக்கும் தம்பி. என்னைய அடிச்சாலும் தரமாட்டேன்."

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சங்கில் எடுத்து, பிள்ளையை மடியில் போட்டுப் புகட்ட ஆரம்பித்தார். ஒன்றுக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். சங்கையும் எண்ணினார், பாவி மனுஷர். "அவுகள எண்ணாம ஊத்தச் சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று என் மனைவி அழுதாள். மத்தியானச் சோற்றை அவர் தொடவே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது பிள்ளை அவருடைய வெள்ளை வேட்டியை நனைத்தாள். அவர் அசையவில்லை.

"ஒண்ணு" என்றார்.

மறுநாள் அவர் சொட்டு எண்ணும்போது கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"அவுக எண்ணுறாகள்ல, சும்மா இருங்க எல்லாரும்" என்று அதட்டியது நான்தான்.