வக்கா பறந்தப்ப நான் எங்கே இருந்தேன்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் மனைவி செல்விக்கு வக்காவைக் காட்டணும்.

வக்கா கொக்கு ஜாதி. ராத்திரியெல்லாம் இரை தேடும். பகல்ல மரத்துல உக்காந்து தூங்கும். நான் நெல்லிக்குப்பத்துல கரும்பு லாரிக்கு எடை போடுற நைட் ஷிப்ட்காரன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டைம்டேபிள்.

பழைய புத்தகம் வாங்கி நானே படிச்சு, இருநூறு பறவை பேரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கண்ணால பாத்தது என்னவோ காக்கா, மைனா.

"எழுதுனது போதும். இன்னிக்கும் காட்டலன்னா பைனாகுலர் பரண் மேல போயிடும்"னு செல்வி சொல்லிட்டா.

ஷிப்ட் முடிஞ்ச கையோட கெளம்புனதுல கண்ணு எரிஞ்சுது. அவகிட்ட சொல்லுவேனா? சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸுல பாடம் நடத்திட்டே வந்தேன்.

பிச்சாவரத்துல படகு ஏறினோம். துடுப்பு போட்டவர் கலியமூர்த்தி. சுரபுன்னைக் காட்டுக்குள்ள முதல் வளைவுலயே கத்தினேன்: "அதோ வக்கா!"

"சார், அது மிதக்குறதுக்காக வலையில கட்டுன கறுப்பு கேனு."

செல்வி அந்தக் கேனுக்கு டாட்டா காட்டினா. அதுதான் ஜாஸ்தி வலிச்சுது.

இனிமே வாயே தொறக்கக் கூடாதுன்னு, முழங்கால்ல கையை ஊனிக்கிட்டு பைனாகுலரைக் கண்ணுல வச்சேன். துடுப்புச் சத்தம். நிழல். ஈரக் காத்து.

அதுக்கப்புறம் நடந்தது செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சார் ஏதோ பாத்துட்டாரு, அசையாதீங்கம்மா"ன்னு கலியமூர்த்தி துடுப்பை எடுத்து மடியில வச்சிட்டாராம். எதிர்ல வந்த படகையும் கை காட்டி அடக்கிட்டாராம். அரை மணி நேரம்! கடல் தண்ணி எறங்குற நேரம் வேற; ஓடை வத்தி, படகு சேத்துல உக்காந்துடுச்சு.

"என்னா பொறுமை பாத்தீங்களாம்மா!"

அப்பதான் நான் குறட்டை விட்டிருக்கேன்.

தலைக்கு மேல கெளையில தூங்கிட்டிருந்த வக்கா ஒண்ணு 'குவாக்'னு அலறிக்கிட்டுப் பறந்திருக்கு.

நான் முழிச்சப்ப கலியமூர்த்தி முட்டி வரைக்கும் சேத்துல நின்னு படகைத் தள்ளிட்டிருந்தாரு. செல்வி எழுந்து நின்னு குதிக்கிறா.

"பாத்துட்டேங்க! கறுப்புத் தலை, கூன் முதுகு, ரத்தச் செவப்புக் கண்ணு. அப்படியே உங்க ஜாடை!"

"எங்க? எங்க?"

"உங்க குறட்டைக்கு அது அங்கயே உக்காந்திருக்குமா?"

பைனாகுலர் பரணுக்குப் போகல. செல்வி கழுத்துல தொங்குது. நோட்டுல வக்காவுக்கு நேரா டிக் போட்டதும் அவதான்.

அடுத்த ஞாயிறும் போறாளாம். நானும் வரேன்னேன்.

"பறவைய எழுப்பணும்னா கூப்புடுறேன்"னா.