மிச்சம் பூரா மகாதேவிக்கு

“எழுபது டிகிரிய நான் எடுத்துக்கிட்டா, அவளுக்கு வெறும் இருபதுதாம்லே!”

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகாதேவியின் காதில் இது விழுந்தது. கொல்லையில் நின்று சொன்னவன் அவள் புருஷன் முத்துராஜ். கேட்டுச் சிரித்தவன் பக்கத்து வீட்டுப் பொன்னுவேல்.

மேல்மலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அரைநிலா மாதிரி ஒரு துண்டு நிலம். நேர்ப்பக்கம் வீட்டுச் சுவர். வளைந்த பக்கம் பள்ளம். அதில் பூண்டு ஊன்ற மகாதேவி விதையை உடைத்துவைத்துக் காத்திருந்தாள். கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் முத்துராஜோ, அங்கே டென்ட் அடித்து டூரிஸ்ட்டுகளைப் படுக்கவைக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் போட்டிருந்தான். பங்கு பிரிக்க நடந்த சண்டையில் மலையே ஒரு அடி கீழே இறங்கியது. கடைசியில் கோணம் அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினான். சுவரின் நட்டநடுவில் இருக்கும் குழாயிலிருந்து கோடு போடுவது என்று முடிவு.

மகாதேவி கையைத் துடைத்தாள். முகத்தில் கொஞ்சம் சோகத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏங்க, எனக்கு ஒரு முப்பதாவது குடுங்களேன்.”

“எழுபது எனக்கு. மிச்சம் உனக்கு. வேற பேச்சே கெடையாது.”

“மிச்சம் பூராவுமா? நாளைக்கு மாத்திப் பேசுவீங்க.”

“பழனியாண்டவர் மேல சத்தியம்டி!”

“பொன்னுவேலண்ணே, நீங்கதான் சாட்சி.”

“பாவம் தங்கச்சி,” என்றான் பொன்னுவேல்.

மறுநாள் வெள்ளனே முத்துராஜ் குழாயடியில் போனை வைத்து, சுவரின் இடப்பக்கத்திலிருந்து எழுபது டிகிரி அளந்து கயிறு கட்டினான். நிமிர்ந்து பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது.

“என்னடி, இருபதா இது?”

“நூத்திப் பத்துங்க.”

“ரெண்டும் சேந்தா தொண்ணூறுதானே? நானும் பள்ளிக்கூடம் போயிருக்கேன்!”

“அது மூலைல நின்னா. நாம நேர்ச்சுவத்துக்கு நடுவுலல்ல நிக்கிறோம்? நேர்கோட்டுல ரெண்டு பக்கமும் சேந்து நூத்தியெம்பது. உங்களுது கொறைய கொறைய எனக்குக் கூடும். இன்னும் கொறச்சுக் கேப்பீங்கன்னு பார்த்தேன்.”

பொன்னுவேல் போனை மறுபக்கம் வைத்து அளந்தான். நூற்றுப் பத்தேதான்.

“மாப்ளே, சத்தியம் வேற பண்ணித் தொலச்சிட்டியே!”

முத்துராஜ் பனிமூட்டத்துக்குக் கீழே பழனி இருக்கும் திசையைப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். கைலியை மடித்துக் கட்டி, பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான்.