நாற்பத்திரண்டு பெண் பூக்கள்

பூவின் பாகங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லக்கூடியவள் நான். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத் தாள், சூலகம் என்று வரிசை பிசகாது. அப்படிப்பட்ட நான்தான் ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில், பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று என் மாமனாரின் பரங்கித் தோட்டத்தை ஒழித்துக் கட்டினேன். இதை நான் எழுதாவிட்டால் என் நாத்தனார்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் திண்டிவனத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீட்டில் வளர்ந்தவள். எங்களுக்குப் பரங்கிக்காய் என்பது கடையில் கீற்றாக அறுத்து வைத்திருக்கும் ஒரு பொருள். (முழுக்காயைக் கொடியோடு பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.) ஆவணியில் பனமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். கணவருக்கு விழுப்புரத்தில் அலுவலக வேலை. எனக்கு ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், மருமகளாகி ஒரு மாதம். இரண்டிலும் நல்ல பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த நேரம்.

மாமனாருக்கு நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும்தான் பெரிய வெள்ளாமை. பரங்கி, கிணற்றை ஒட்டிய பதினைந்து சென்ட்டில் மட்டும். அதை அவர் விற்பதில்லை. பொங்கலன்று எங்கள் பக்கத்தில் பரங்கிக்காய் இல்லாமல் குழம்பு கிடையாது. ஊரிலும் உறவிலுமாக முப்பது நாற்பது வீட்டுக்கு இவர் தோட்டத்துக் காய்தான் போகும். கட்டிக்கொடுத்த மகள்கள் இருவருக்கும் பொங்கல் வரிசையில் முதலில் ஏறுவதும் அதுதான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்ததாகவும் நினைவில்லை.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஒருபால் மலர் வந்தது. எடுத்துக்காட்டு, பரங்கிப்பூ. கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும். எனக்குத்தான் போதவில்லை. அன்று சாயங்காலமே மாமனாரிடம் கேட்டேன்.

"மாமா, எங்க கிளாஸ் பொண்ணுங்கள நம்ப தோட்டத்துக்குக் கூட்டினு வந்து பரங்கிப்பூ காட்டட்டுமா?"

"இட்டுக்கினு வாம்மா. பூ தானே" என்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் அன்று எதிரில் வந்த நாலு பேரிடம், மருமகள் நம் தோட்டத்தில் பாடம் நடத்தப்போகிறாள் என்று சொல்லியிருக்கிறார். அத்தையோ, பிள்ளைகள் பசியோடு வருமே என்று மறுநாள் விடிவதற்குள் ஒரு குண்டான் மல்லாட்டை அவித்து வைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு பெண்களை இரட்டை வரிசையில் ஏரிக்கரை வழியாக நடத்திக் கூட்டி வந்தேன். மாமனார் உரம் வாங்கக் கண்டாச்சிபுரம் போயிருந்தார். பூவெல்லாம் மஞ்சளாக விரிந்திருந்தது. வரப்பில் நின்று நான் நடத்திய பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். ஆண் பூவுக்கு வெறும் காம்பு, பெண் பூவுக்கு அடியில் கோலிகுண்டு போலக் குட்டிக் காய், அதுதான் சூல்பை என்று காட்டினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

"இப்ப ஆளுக்கு ஒரு ஆண் பூ, ஒரு பெண் பூ பறிச்சுக்கணும். நோட்டுல ஒட்டிப் பாகம் குறிக்கணும். பெண் பூவை அந்தக் குட்டிக் காயோட சேத்துப் பறிக்கணும். பிஞ்சுபோனா மார்க் கிடையாது."

முன்வரிசையில் தனலட்சுமி என்று ஒரு பெண். விவசாய வீட்டுப் பிள்ளை. கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பொட்டப்பூவ பறிச்சிட்டா அப்பறம்..."

"கேள்வியெல்லாம் கடைசியில. சொன்னதைச் செய்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் அன்று விஷயம் தெரிந்த ஒரே ஆளை இப்படித்தான் உட்கார வைத்தேன்.

பரங்கியில் பத்து ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ இருந்தால் பெரிது. பிள்ளைகள் இலை இலையாகப் புரட்டித் தேடினார்கள். விரிந்த பூ கிடைக்காதவர்கள் மொட்டைப் பறித்தார்கள். மொட்டும் கிடைக்காதவர்கள், பூ வாடி எலுமிச்சங்காய் அளவுக்குத் திரண்டுவிட்ட பிஞ்சுகளைக் கொண்டுவந்து, "இது ஆவுமா டீச்சர்?" என்று கேட்டார்கள்.

"நல்லா ஆவும். இது கருவுற்ற சூல்பை" என்று பாராட்டினேன். பாராட்டைக் கேட்டதும், பூ வைத்திருந்தவர்களும் பிஞ்சுக்கு ஓடினார்கள்.

எல்லோரும் களத்துமேட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் உரமூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். பிள்ளைகளின் மடியைப் பார்த்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

"எத்தினி பேரும்மா?"

"நாப்பத்திரண்டு மாமா."

"எல்லார்ட்டயும் பொட்டப்பூவா?"

"ஆண் பூவும் இருக்கு மாமா. ஆளுக்கு ரெண்டு."

"ஆம்பளப்பூ போனா போவுது" என்றார். வரப்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

அவருக்குப் பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன். (நாற்பது வருஷமாகப் பரங்கி போடுகிறவர்.) பிள்ளைகள் எதிரிலேயே அவருக்கும் விளக்கினேன்.

"ஆமாம் மாமா. ஆண் பூவில் காய் வராது. பெண் பூவில்தான் காய்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. மூன்று மாதமாக நான் நடத்திய பாடங்களில் எனக்கே புரிந்த முதல் பாடம் அதுதான். வாயை மூட மறந்து நின்றேன். தனலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்.

மாமனார் பிள்ளைகளைப் பார்த்து, "துண்ணுங்க கண்ணு, ஆறிடப்போவுது" என்றார். அத்தை தோட்டத்துக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "வேலி முள்ளுக்குள்ள பிஞ்சு ஒண்ணே ஒண்ணு கெடக்குது" என்று மட்டும் சொன்னார். முள்ளுக்குள் யாரும் கையை விடவில்லை போலிருக்கிறது.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. கணவர் வேலையிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அங்கிருந்து சத்தம் கேட்டது.

"மறுபடி பூக்கும்மா. ஆனா மழ புடிச்சிக்கும். மழையில தேனி வராது, பிஞ்சு அழுவிப்பூடும்" என்றார் மாமனார்.

தேனீ வராவிட்டால் என்ன, நான் வருகிறேன் என்று கிளம்பினேன். செயற்கை மகரந்தச் சேர்க்கை என்று புத்தகத்தில் அதற்கும் ஒரு பாடம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் காலை ஆறரை மணிக்கு, ஒரு கையில் குடை, மறு கையில் ஆண் பூ. பெண் பூவுக்குக் குடை பிடித்துவிட்டு நான் நனைந்தேன். ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள். அறிவியலுக்காகவாவது ஏதாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. நோட்டில் ஒட்டிய பிஞ்சுகள் ஒரே வாரத்தில் அழுகி, வகுப்பறைக்குள் நுழைய முடியவில்லை. நாற்பத்திரண்டு நோட்டையும் தலைமை ஆசிரியை வெளியே போடச் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின வாரம், வாழ்க்கையில் முதல்முறையாக மாமனார் கண்டாச்சிபுரம் சந்தையில் பரங்கிக்காய் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னா நைனா, நீ வந்து காய் வாங்கற?" என்றார் கடைக்காரர்.

"நம்ப காயெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சிப்பா."

கடைக்காரர் அதைச் சத்துணவுக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். பெரிய மனசு என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. விளைச்சல் முழுவதையும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தானம் செய்தவர் என்று மாமனாருக்குப் பெயர். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் தலையைக் குனிந்தபடி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நான் குடை பிடித்த பூக்களில் ஒன்பது காய்த்தன. எல்லாம் கடைசியாகப் பூத்தவை, மாசியில்தான் முற்றின. பொங்கல் முடிந்தபின் பரங்கிக்காயை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்குவதில்லை. பங்குனி வரைக்கும் நாங்களே சாப்பிட்டோம். கூட்டு, பொரியல், குழம்பு, அடை. கணவர் ஒருநாள், "இதுக்குத் தேனியே மேல்" என்றார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில், யாரையாவது தோட்டத்துக்கு அழைத்து வருகிறேன் என்று யார் சொன்னாலும் மாமனார் ஒரே கேள்விதான் கேட்பார். "படிக்க வர்றாங்களா, சாப்பிட வர்றாங்களா?" சாப்பிட என்றால் சரி. அவர் போய்ப் பல வருஷமாகிறது. கேள்வி மட்டும் கைமாறி என் கணவரிடம் வந்துவிட்டது.

போன மாதம் சென்னையிலிருந்து எங்கள் மாப்பிள்ளை போன் செய்தார். ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேரோடு தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். கணவர் வழக்கம்போல, "படிக்கவா, சாப்பிடவா?" என்றார்.

விஷயம் தெரியாத மாப்பிள்ளை, "எல்லாரும் நல்லா படிச்சு முடிச்சவங்கதான் மாமா" என்றார்.

கணவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவங்களாம். வேலிக்கு முள்ளு வெக்கச் சொல்லட்டுமா?"