கியோட்டோவில் யாரோ வீட்டுக் கலியாணம்

கலியாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தால்கூட மன்னிப்பு உண்டு. மேடையில் ஏறிப் படம் எடுக்காமல் வந்தால் கிடையாது. கலியாண அல்பத்தைப் பிரட்டும்போது நம்முடைய முகம் அதில் இல்லையென்றால் நாம் போகவேயில்லை என்றுதான் அர்த்தம். "எங்கட கலியாணத்துக்கு நீங்கள் வரேல்லைத்தானே" என்று எத்தனை வருசம் போனாலும் கேட்பார்கள். அதனால் பாரிசில் எங்கட லா ஷப்பலிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் நான் நேரே மேடைக்குத்தான். வரிசை நீளமாக இருந்தால் பக்கத்துப் படியால் ஏறிவிடுவேன். (வயது போனவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. இல்லையென்றாலும் நான் எடுத்துக்கொள்வேன்.)

இந்த நல்ல பழக்கம்தான் ஜப்பானில் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் மதுரா பாரிசில் பிறந்தவள். கந்தோரில் மேசை வேலை. முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய போனில் இல்லாத படம் கிடையாது. மலை, கடல், அடுத்த வீட்டுப் பூனை, குடிக்கப் போகிற கோப்பி எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் படத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளை சேலை உடுத்து, நேராக நிற்க வேண்டும். தலையிலிருந்து பாதம்வரை விழ வேண்டும். இரண்டு காலும் தெரிய வேண்டும். (கால் தெரியாவிட்டால், குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறோம் என்று கதை கட்டுவார்கள்.)

எங்களுக்குள் சம்பந்தம் பேசுகிறவர் ராணியக்கா. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறி வாங்கப் போனால் முருங்கைக்காய்க்குப் பின்னாலிருந்து வருவார்.

"படம் எங்கை?"

"எடுக்க விடுறாள் இல்லையக்கா."

"படம் இல்லாமல் நான் என்னெண்டு கதைக்கிறது? உன்ரை மகளை வாயாலை படமாய்க் கீறிக் காட்டட்டோ?"

இப்படி இருக்கும்போதுதான் மதுரா, "அம்மா, ஜப்பானுக்கு வாறியளோ? ரெண்டு பேருமாய்ப் போய்ச் சுத்திப் பாப்பம்" என்று கேட்டாள். ஜப்பான் என்றால் எனக்குத் தெரிந்தது தையல் மெசினும் ரேடியோவும்தான். ஆனால் பிள்ளை தானாகக் கூப்பிடுகிறாள். என் வீட்டுக்காரர் முழங்கால் நோவென்று வீட்டில் நின்றுவிட்டார். நான் பெட்டி அடுக்கினேன். அடியில் இலைப்பச்சைப் பட்டுச் சேலை ஒன்றை, அவளுக்குத் தைத்துவைத்த சட்டையோடு சுற்றி ஒளித்துவைத்தேன். மேலே மொறுமொறுவென்ற பருத்தித்துறை வடைப் பைக்கற்றுகள்.

தோக்கியோ ஹோட்டலில் வடை தேடியவள் சேலையைக் கண்டுபிடித்தாள்.

"மமோ!" (கோபம் வந்தால் நான் அம்மா இல்லை, பிரெஞ்சு மமோ ஆகிவிடுவேன்.) "இது ஆருக்கு?"

"குளிருக்குப் போர்க்க."

"பட்டுச் சேலையைப் போர்க்கவோ?"

கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்து என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"சரி. கியோட்டோவிலை ஒரு நாள் உடுக்கிறன். ஒரே ஒரு படம். ஆர் எடுத்தாலும், எப்பிடி வந்தாலும் அவ்வளவுதான். அதுக்குப் பிறகு படம் எண்ட கதையே எடுக்கப்படாது. சம்மதமோ?"

"ஓம்" என்றேன். ஒரு படம் போதாதா? என்னை யார் என்று நினைத்தாள்!

ஒரே படம் என்றால் பிழைவிட முடியாது. அதனால் ஊர் பார்க்கிற சாட்டில் நான் படம் எடுத்துப் பழகத் தொடங்கினேன். தோக்கியோவில் நாலு பக்கத்தாலும் சனம் ஒரே நேரத்தில் தெருவைக் கடக்கிற ஒரு சந்தி இருக்கிறது. உலகமே அதைப் படம் எடுக்கிறது. நான் அதன் ஓரத்தில் அசையாமல் நின்ற ஒரு பொலிஸ்காரரை எடுத்தேன். தலையிலிருந்து சப்பாத்துவரை, மிக வடிவாக. ஒசாக்காவில் கோட்டையை எடுத்தேன். அடிப் படி தெரிய வேண்டுமென்று பார்த்ததில் கோபுரம் போய்விட்டது. நாராவில் ஆடு மாதிரி மான்கள் தெருவில் திரிகின்றன. ஒரு மானை நாலு காலும் தெரிய எடுத்தேன். அதையும் ராணியக்காவிடம் கொடுத்திருக்கலாம், அவ்வளவு அடக்கமாக நின்றது.

மதுரா எடுத்த படங்களில் ஆட்களே கிடையாது. நனைந்த கல், ஒரு இலை, சாப்பிட்டு முடித்த கிண்ணம். "இதையெல்லாம் ஆருக்குப் பிள்ளை காட்டப் போறாய்?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் இல்லையம்மா, எனக்குத்தான்" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது.

கியோட்டோவில் அந்த நாளும் வந்தது. காலையிலேயே அவளுக்குச் சேலை உடுத்திவிட்டேன். நான் மாம்பழ மஞ்சள் பட்டு. அவள் நிமிர்ந்து நின்றபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "அந்தச் சப்பாத்தைக் கழட்டு" என்று மட்டும் சொன்னேன். வெள்ளை ஓட்டச் சப்பாத்து.

"குளிருது, மமோ."

"படம் எடுக்கேக்கை கழட்டு. செருப்பு என்ரை பையிலை கிடக்கு."

செக்கச் செவேலென்ற வாசல் உள்ள ஒரு பெரிய கோயிலுக்குப் போனோம். முற்றத்தில் சிவந்த இலைகளோடு ஒரு மரம். அதன் கீழ்தான் படமென்று நான் முடிவு செய்துவிட்டேன். சேலை மடிப்பு நழுவுகிறதென்று மதுரா தன் கோட்டை என் கையில் தந்தாள்.

"சரிக்கட்டிக்கொண்டு வாறன். இஞ்சையே நில்லுங்கோ. அசையப்படாது."

நின்றேன். சத்தியமாக நின்றேன். அப்போது அந்தப் பக்கத்தால் ஒரு பெரிய சிவப்புக் குடை வந்தது. குடைக்குக் கீழே பொம்பிளையும் மாப்பிள்ளையும். பொம்பிளை தலையிலிருந்து கால்வரை வெள்ளை. பின்னால் இரண்டு வீட்டாரும். முற்றத்தில் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. படக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, நீ இங்கே, நீ அங்காலே என்று எல்லாரையும் அடுக்கினார். எந்த நாட்டுப் படக்காரரும் அப்படித்தான்.

கலியாணம், கதிரை, படக்காரர். என் கால் தானாக நடந்தது.

வெறுங்கையோடு போகக் கூடாதே. பையைத் துழாவினேன். ஒரு பைக்கற் பருத்தித்துறை வடை அகப்பட்டது. பொம்பிளையின் தாய் போல இருந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் திகைத்துப்போய் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். நான் விட்டுக்கொடுப்பேனா? முதுகு பிடித்துக்கொள்ளும்வரை குனிந்தேன். நிமிர்ந்தபோது பொம்பிளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. முதுகும் நொந்தது. இருந்துவிட்டேன்.

ஒருவரும் என்னை எழுப்பவில்லை. பொம்பிளை வீட்டார் என்னை மாப்பிள்ளை பகுதி என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை பகுதி என்று நினைத்தார்கள். இது பிறகு தெரிந்தது. அந்தக் கதிரைக்குரிய பெரியவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். குனிந்து வணங்கிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். எவ்வளவு மரியாதை தெரிந்த சனம் என்று நினைத்தேன். ஒரே ஒரு குறை. கலியாணத்துக்குப் பெண்கள் எல்லாம் கறுப்பு உடுத்திருந்தார்கள். நல்ல காரியத்தில் கறுப்பா! என் மாம்பழ மஞ்சள் வந்து சேர்ந்ததால் படம் தப்பியது என்று மனதுக்குள் சந்தோசப்பட்டேன்.

முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, சிரிக்காமல் கமராவைப் பார்த்தேன். படக்காரர் கையை உயர்த்தி எண்ணத் தொடங்கினார்.

"மமோ!"

வலப் பக்கத்திலிருந்து பச்சை நிறமாக ஒன்று பறந்து வந்தது. ஒரு கையால் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, மற்றக் கையை எனக்கு நீட்டி, வாயை ஆவென்று திறந்தபடி மதுரா.

படக்காரர் எண்ணி முடித்துவிட்டார். கிளிக்.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் காது சூடாகிறது. மதுரா எல்லாருக்கும் முன்னால் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மாப்பிள்ளையின் தங்கைக்கு இங்கிலீசு தெரிந்தது. அவள் கேட்டுத் தன் ஆட்களுக்குச் சொன்னாள். முதலில் பொம்பிளை சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய வெள்ளை முக்காடு குலுங்கியது. பிறகு முற்றமே சிரித்தது. அவளுடைய தாய் மட்டும் வடைப் பைக்கற்றை நெஞ்சோடு பிடித்தபடி எனக்கு மறுபடியும் குனிந்தார். படத்தை அனுப்புகிறோமென்று மதுராவின் மெயிலை வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் நின்றதால் ஒழுங்கான படம் இன்னும் ஒன்று எடுக்க வேண்டி வந்தது. அதை நான் தூரத்தில் நின்று பார்த்தேன்.

எல்லாம் அடங்கியபின் மெதுவாகச் சொன்னேன்: "சரி பிள்ளை, அந்த மரத்தடியிலை நில்லு. படத்தை எடுப்பம்."

"எடுத்தாச்சு."

"எங்கை எடுத்தது?"

"அங்கைதான். ஒண்டு எண்டுதானே கதை. ஆர் எடுத்தாலும், எப்பிடி வந்தாலும்." என் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக் கழுத்துவரை பூட்டிவிட்டாள்.

தோக்கியோவுக்குத் திரும்பும் ரெயினில் நான் அவளோடு கதைக்கவில்லை. "அம்மா, ஃபுஜி மலை! வடிவாத் தெரியுது, பாருங்கோ" என்றாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. (அதனால் ஜப்பானுக்குப் போயும் ஃபுஜி மலை பார்க்காத ஆள் நான். வீம்பு என்றால் வீம்புதான்.) அவள் கேட்டாள், "ஒரு படத்துக்காகவோ இவ்வளவு கோவம்?"

"படத்துக்கில்லை" என்றேன். "நானும் அப்பாவும் போனபிறகு, நீ தனிய இருந்து கோப்பியைப் படம் எடுத்துக்கொண்டு இருப்பாயே எண்டுதான்."

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் தலையை வைத்து நித்திரையானாள். அல்லது நித்திரை மாதிரி நடித்தாள்.

பாரிசுக்கு வந்த அடுத்த கிழமை படம் வந்தது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் மஞ்சளாக நான், இந்தக் கலியாணத்தையே நான்தான் ஒப்பேற்றிவைத்தவள் மாதிரி. ஓரத்தில் மதுரா, பறக்கிறாள். இரண்டு காலும் நன்றாகத் தெரிகின்றன, ஓட்டச் சப்பாத்தோடு. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "இதிலை நீதான் வடிவு" என்றார். அவரிடம் கேட்டு என்ன பிரயோசனம்!

மதுராவே அதைப் பெரிதாக அடித்து வந்து தந்தாள். "ராணி மாமிக்குக் குடுங்கோ. வெட்டாமல் குடுக்கோணும். இதைப் பாத்துச் சிரிக்காத ஆள் எனக்கு வேண்டாம்."

கொண்டுபோனேன். ராணியக்கா முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இதென்னடியப்பா? இதிலை பொம்பிளை ஆர், நீயோ?"

"மகள் அந்தா, ஓரத்திலை."

"ஐயோ, ஆரையோ அடிக்கப் போறாள்!"

இரண்டு வீட்டார் படத்தைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். நான் வெட்கத்தில் அந்தத் தெருப் பக்கம் போகாமல், மரக்கறியை வேறு இடத்தில் வாங்கினேன். பிறகு ஒரு நாள் ராணியக்காவே போன் பண்ணினார். பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் இருக்கும் கஜன் என்ற பொடியன் படத்தைப் பார்த்து, கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தானாம். அவன் கேட்டது மதுராவைப் பற்றி இல்லையாம். "அந்த நடுவிலை இருக்கிற மஞ்சள் அம்மா ஆர்? அவவின்ரை மகளோ? அப்ப நான் கட்டாயம் சந்திக்கோணும்" என்றானாம்.

சந்தித்தார்கள். ஒரு வருசத்துக்குமேல் கோப்பி குடித்தார்கள். மதுராவின் போனில் கோப்பைகள் இரண்டிரண்டாக வரத் தொடங்கியபோது எனக்கு விளங்கிவிட்டது.

கலியாணம் ஓல்னேயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, எல்லாரும் படம் எடுக்க ஏறுகிறார்கள். என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் மேடைப் படிக்குக் கீழே தயங்கி நின்றேன். கண் நிறைந்து, படி தெரியவில்லை. மருமகன் அறிவிப்பாளரின் மைக்கை வாங்கினார்.

"மாமி, பயப்பிடாமல் ஏறி வாங்கோ. இது எங்கட கலியாணம்தான்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து லா ஷப்பலில் இது ஊர்க் கதை. எந்தக் கலியாணத்தில் நான் கதிரையை விட்டு எழும்பினாலும், "மாமி, கலியாணக் காட் வந்ததோ?" என்று ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை. ஜப்பான் படம் எங்கள் வீட்டு முன்னறையில், அவர்களுடைய கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கியோட்டோவில் அந்த வீட்டிலும் ஒன்று தொங்கக்கூடும். நடுவில் இருப்பது யாரென்று அவர்கள் என்ன சொல்லிச் சமாளிக்கிறார்களோ தெரியாது. பெரியம்மா என்று சொன்னால் எனக்குச் சம்மதம்.

போன மாதமும் ஒரு கலியாணம். நான் எழும்ப, மதுரா என் முந்தானையைப் பிடித்தாள். "மமோ, இது ஆற்றை வீட்டுக் கலியாணம் எண்டு தெரியுமோ?"

உண்மையில் தெரியாது. ராணியக்கா கூப்பிட்டு வந்தது. நான் முந்தானையை உருவிக்கொண்டு, பக்கத்துப் படியால் ஏறினேன்.